கையெழுத்திட முடியாதவர்

1884-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், குழந்தைக்காக ஏங்கிய ஒரு தம்பதி வில்லியம் பான்கோஸ்ட் என்ற மருத்துவப் பேராசிரியரிடம் சிகிச்சைக்கு வந்தார்கள். பல பரிசோதனைகளுக்குப் பிறகு, மனைவிக்கு எந்தக் குறையும் இல்லை, கணவரின் விந்தில்தான் உயிரணுக்கள் இல்லை என்று தெரிந்தது. பான்கோஸ்ட் அதை மனைவியிடம் சொல்லவில்லை. இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது என்று வரவழைத்து, குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கமடையச் செய்தார். சுற்றி நின்ற மருத்துவ மாணவர்களில் ஒருவரின் விந்தை அந்தப் பெண்ணின் கருப்பைக்குள் செலுத்தினார். அவர் கருவுற்றார், ஆண் குழந்தை பிறந்தது. நடந்ததைக் கணவரிடம் பிறகு சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மனைவிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடிசன் ஹார்ட் என்ற மருத்துவர் 1909-ல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தப் பையனுக்கு 25 வயது ஆகியிருந்தது.

விந்தணு தானத்தைக் கொண்டு மருத்துவர்கள் செய்த கருத்தரிப்புகளில், பதிவாகியுள்ள முதல் நிகழ்வு இதுதான். அந்த அறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மருத்துவருக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியும், விந்து கொடுத்தவருக்குத் தெரியும். யாருடைய உடம்போ அவருக்குத் தெரியாது. யாருடைய பிறப்போ அவருக்கும் தெரியாது.

இன்றைக்கு ஒரு மருத்துவர் இப்படிச் செய்தால் உரிமத்தை இழப்பார். குழந்தைப்பேறு சிகிச்சையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒப்புதல் படிவம் இருக்கிறது. ஊசி போட, கருமுட்டை எடுக்க, கருவை உறைய வைக்க, உறைந்ததை வெளியே எடுக்க, எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும். சரி, இத்தனை கையெழுத்துக்குப் பிறகும் இந்தச் சிகிச்சையைப் பற்றிய அறக் கேள்விகள் ஏன் ஓயவில்லை? குடல்வால் அறுவைக்குக் கையெழுத்து போடுபவர், தன் வயிற்றைக் கிழிக்கத்தான் சம்மதிக்கிறார். நல்லதோ கெட்டதோ, விளைவு அவருடையது. கருத்தரிப்புச் சிகிச்சையில் விளைவை எல்லாரையும்விட நீண்ட காலம் சுமந்து வாழப் போகிறவர், படிவம் நிரப்பப்படும் நாளில் இந்த உலகத்திலேயே இல்லை. இந்தத் துறையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதல் 'சோதனைக் குழாய்க் குழந்தை' லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தார். தாய் லெஸ்லிக்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவர் அவருடைய உடலிலிருந்து ஒரே ஒரு கருமுட்டையை எடுத்து, வெளியே கருவுறச் செய்து, மீண்டும் கருப்பையில் வைத்தார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1971-ல், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இவர்களுக்கு நிதி தர மறுத்திருந்தது. குரங்கினங்களில் பாதுகாப்பைச் சோதிக்காமல் மனிதர்களிடம் வரவேண்டாம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த மறுப்பைப் பழமைவாதம் என்று இன்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறக்கப் போகும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று அந்த நாளில் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்டது நியாயம்தான். லெஸ்லிக்கே முழு விவரமும் தெரிந்திருக்கவில்லை. தனக்கு முன்பே இந்த முறையில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பிறந்திருக்கும் என்றுதான் நினைத்ததாக அவர் பிறகு சொன்னார்.

லூயிஸ் ஆரோக்கியமாகப் பிறந்தார், வளர்ந்தார், தாயானார். இன்று உலகில் இந்த வழியில் பிறந்தவர்கள் ஒரு கோடிக்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே நலமாக இருக்கிறார்கள். எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டெப்டோவும் பர்டியும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். குழந்தை இல்லாத வலி என்னவென்று அருகில் இருந்து பார்த்தவர்கள் யாரும் இந்தச் சிகிச்சையே கூடாது என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. என் கவலை, அது நடக்கும் விதம் பற்றியது.

லெஸ்லிக்கு ஒரு முட்டைதான் எடுத்தார்கள். இப்போது பெண்ணுக்குச் சுமார் 10 நாள் ஹார்மோன் ஊசி போட்டு, ஒரே சுழற்சியில் பத்து, பதினைந்து முட்டைகள்கூட எடுக்கிறார்கள். அவற்றில் பல கருவாகின்றன. கருப்பைக்குள் வைப்பது ஒன்றோ இரண்டோ. ஒரு காலத்தில் மூன்று, நான்கு என்று வைத்தார்கள். அதனால் குறைமாத இரட்டையரும் மூவரும் பெருகினார்கள். 2009-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு 12 கருக்களை வைத்து, எட்டுக் குழந்தைகள் ஒரே பிரசவத்தில் பிறந்தார்கள். அந்த மருத்துவரின் உரிமம் பின்னர் பறிக்கப்பட்டது. இதில் ஸ்வீடன் முன்னதாகவே விழித்துக்கொண்டது. 2003 முதலே பெரும்பாலும் ஒரு கருதான் வைக்க வேண்டும் என்று அங்கே விதி உண்டு. தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது எது என்பதில் பதில் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வம்.

மிஞ்சிய கருக்கள் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் காத்திருக்கின்றன. அவை என்ன? பொருளா, ஆளா? 1984-ல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு, கருவுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு, ஆனால் அது முழு மனிதருக்குரிய மதிப்பு ஆகாது என்று சொல்லி, 14 நாட்களுக்கு மேல் எந்தக் கருவையும் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்று எல்லை கட்டியது. முதுகுத்தண்டின் முதல் கீற்று தோன்றும் கட்டம் அது. ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராவது அதற்குப் பிறகு பொதுவாக நடக்காது. 1990-ல் அது சட்டமானது, வேறு பல நாடுகளும் அதைப் பின்பற்றின. அமெரிக்காவின் டென்னசி மாநில உச்ச நீதிமன்றமும் 1992-ல் ஒரு மணமுறிவு வழக்கில், கரு ஆளும் அல்ல, சொத்தும் அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்ட மரியாதைக்குரியது என்றது. அலபாமா உச்ச நீதிமன்றமோ 2024 பிப்ரவரியில் நேர் எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரு மருத்துவமனையின் சேமிப்பறைக்குள் எப்படியோ நுழைந்த ஒரு நோயாளி கருக்களைக் கையில் எடுத்துத் தவறவிட்ட வழக்கு அது. உறைந்த கருவும் சட்டப்படி குழந்தைதான் என்றார்கள் நீதிபதிகள். உடனே பல மையங்கள் சிகிச்சையையே நிறுத்திவிட்டன. ஊசி போட்டுக்கொண்டு பாதி வழியில் இருந்த பெண்கள் தவித்தார்கள். சில வாரங்களில் மாநில அரசு மையங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

கருவைக் குழந்தை என்பவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். என் மனம் வார்னாக் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் மரியாதை என்று சொல்லிவிட்டால் போதாது, அதற்கு நடைமுறையில் ஏதாவது பொருள் வேண்டும். 1996 ஆகஸ்டில், ஐந்தாண்டுச் சேமிப்புக் கெடு முடிந்ததால், பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கள் ஒரேயடியாக அழிக்கப்பட்டன. பெற்றோர் பலரிடமிருந்து பதிலே வரவில்லை. இப்போது அங்கே, பத்தாண்டுக்கு ஒருமுறை ஒப்புதலைப் புதுப்பித்தால் 55 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். முடிவைத் தள்ளிப்போட இது வசதி. ஆனால் முடிவெடுக்கும் சுமை குறையவில்லை. மிச்சமாகும் கருக்களை என்ன செய்வது என்ற பேச்சு, சிகிச்சை முடிந்தபின் வரும் கடிதத்தில் வரக் கூடாது. முதல் ஊசிக்கு முன்பே வந்தாக வேண்டும்.

கையெழுத்துப் போட்ட இருவர் பிரிந்துவிட்டால்? சினைப்பையில் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகள் இருந்ததால் இரு சினைப்பைகளையும் இழந்த ஓர் ஆங்கிலேயப் பெண், அதற்கு முன் தன் துணைவருடன் சேர்ந்து ஆறு கருக்களைச் சேமித்திருந்தார். உறவு முறிந்ததும் அந்தத் துணைவர் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். தன் குருதியில் ஒரு குழந்தை பெற அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே வழி அந்த ஆறு கருக்கள்தான். 2007-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய இதே போன்ற வழக்கில், 1996-ல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. இரண்டு தீர்ப்பையும் படித்தபோது எனக்கு இரண்டு பேருக்காகவும் மனம் வலித்தது. விருப்பமில்லாத ஒருவரைத் தந்தையாக்கி ஒரு குழந்தையைக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியவில்லை என்பதால் ஐரோப்பியத் தீர்ப்பின் பக்கம் நிற்கிறேன், தயங்கித் தயங்கித்தான்.

இறந்தவரின் ஒப்புதல் இன்னும் சிக்கல். 1995-ல் மூளை உறை அழற்சியால் கோமாவில் கிடந்த ஒருவரிடமிருந்து, மனைவியின் வேண்டுகோளின்படி விந்து எடுத்துவைக்கப்பட்டது. எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லை. அவர் இறந்தார். பிரிட்டனில் அதைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழி திறக்க, மனைவி பெல்ஜியம் சென்று சிகிச்சை பெற்று, இரண்டு மகன்களைப் பெற்றார். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரை எழுத 2003-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. நல்ல தாய், அன்பான குடும்பம். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் 'அவர் விரும்பியிருப்பார்' என்று இன்னொருவர் சொல்வதும், அவரே எழுதிக் கொடுப்பதும் ஒன்றல்ல.

தானத்துக்கு வருகிறேன். 1884-ல் தொடங்கிய ரகசியம் இங்கேதான் நூறாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது. விந்து கொடுப்பவரின் பெயரை மறைப்பது, பிறந்த குழந்தையிடம் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறுவது, சில இடங்களில் பதிவேட்டையே அழித்துவிடுவது என்று இது வழக்கமாகவே இருந்தது. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். கணவரின் மானம் காப்பாற்றப்படும், குடும்பம் குலையாது, தானம் செய்தவருக்குத் தொல்லை வராது. இந்தக் கணக்கில் குழந்தையின் பெயரில் எதுவுமே வரவில்லை.

முதலில் மாற்றியது ஸ்வீடன். 1985 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம், போதிய முதிர்ச்சி வந்ததும் தானம் செய்தவர் யார் என்று அறியும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்தது. தானம் நின்றுபோகும் என்று அஞ்சினார்கள்; தானம் செய்வோர் வரத்தான் செய்தார்கள். 1989-ல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, முடிந்தவரை தன் பெற்றோரை அறியும் உரிமையைக் குழந்தைக்கு அளித்தது. தானத்தில் பிறந்தவர்கள் பிறகு அதையும் எடுத்துக்காட்டினார்கள். பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு தானம் செய்தவர்களின் அடையாளத்தை, பிறந்த பிள்ளைகள் 18 வயதில் கேட்டுப் பெறலாம். ஃபிரான்ஸ் 2022-ல் அந்த வழிக்கு வந்தது.

எல்லாவற்றையும்விடத் துணிந்து நடந்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 2017 மார்ச் முதல், எந்த ஆண்டில் தானம் செய்யப்பட்டிருந்தாலும், பெயர் வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தாலும், பிள்ளைகள் அந்த அடையாளத்தைப் பெறலாம் என்று சட்டம் வந்தது. தானம் செய்தவர் தன்னைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று பதிவு செய்யலாம். பெயரை மறைக்க முடியாது. வாக்கு மீறல் என்று பலர் கொதித்தார்கள். அவர்கள் கொதிப்பில் நியாயம் உண்டு. முப்பது ஆண்டுக்கு முன் இருபது வயதில் ஒரு நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டவர், இன்று தன் குடும்பத்திடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வாக்கைக் கொடுத்தது மருத்துவமனை, பெற்றது தானம் செய்தவர். அதற்கான விலையைக் கொடுத்ததோ அந்த ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாவது ஆள். இன்னொருவர் பிறப்பின் உண்மையை அவருக்குத் தெரியாமல் அடகு வைக்க இரண்டு பேருக்கு உரிமை கிடையாது. விக்டோரியா செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

சட்டம் தயங்கிய இடங்களில் டி.என்.ஏ. பரிசோதனை முந்திக்கொண்டது. எச்சிலைக் குப்பியில் நிரப்பி அனுப்பினால் உறவினர் பட்டியல் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் அப்படித் தேடிய ஒரு பெண்ணுக்கு உடன்பிறப்புகள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். 1970, 80-களில் அவர்களின் தாய்மார்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவரே, சொல்லாமல் தன் விந்தைப் பயன்படுத்தியிருந்தார். எண்ணிக்கை 90-ஐத் தாண்டியது. அந்தச் செயலைக் குற்றம் என்று சொல்ல மாநிலத்தில் சட்டமே இல்லை. விசாரணையில் பொய் சொன்னதற்காகத்தான் அவரைத் தண்டிக்க முடிந்தது. 2019-ல் அதற்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள்.

எண்ணிக்கையும் ஓர் அறக் கேள்விதான். நெதர்லாந்தில் ஒருவரிடமிருந்து 25 குழந்தைகளுக்கு மேல் கூடாது என்பது வழிகாட்டுதலாக இருந்தது. அங்கே ஒருவர் பல மையங்களிலும் இணையம் வழியாகவும் கொடுத்து, குறைந்தது 550 குழந்தைகளுக்குக் காரணமாகியிருந்தார். 2023-ல் ஹேக் நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. நூற்றுக்கணக்கான உடன்பிறப்புகளோடு வாழ்வதை யோசித்துப் பாருங்கள். காதலிக்கும் முன் ரத்தப் பரிசோதனை வேண்டுமோ என்ற பயம் அவர்களுக்கு விளையாட்டில்லை. 2025-ல் இன்னொரு செய்தி வந்தது. ஐரோப்பிய விந்து வங்கி ஒன்றில் தானம் செய்த, தானே ஆரோக்கியமாக இருந்த ஒருவரின் விந்தணுக்களில் சிலவற்றில், புற்றுநோய்க்கு வழிவகுக்கும் அரிய மரபணு மாற்றம் இருந்திருக்கிறது. முதலில் வெளியான கணக்கிலேயே எட்டு நாடுகளில் 67 குழந்தைகள். 10 பேருக்குப் புற்றுநோய். அந்த மாற்றத்தை அப்போதைய பரிசோதனைகள் பிடித்திருக்காது என்பதை ஏற்கலாம். ஆனால் ஒரே ஆளின் விந்து எத்தனை நாடுகளுக்கு, எத்தனை குடும்பங்களுக்குப் போகலாம் என்பதற்கு நாடு கடந்த வரம்பு இல்லாததை எப்படி ஏற்பது?

கருமுட்டை தானத்தில் வேறொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. விந்து கொடுப்பவருக்கு உடல்ரீதியாக ஒன்றும் இல்லை. முட்டை கொடுக்கும் பெண்ணோ பல நாள் ஊசி போட்டு, மயக்க மருந்தில் படுத்து, சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் அபாயத்தையும் தாங்குகிறார். பணத் தேவை இருக்கும் இளம்பெண் ஆறாவது, ஏழாவது முறை வந்து படுக்கும்போது அந்தக் கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது என்று மருத்துவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனி கருமுட்டை தானத்தையே தடை செய்திருக்கிறது. அது மிகை. தடை போட்டால் சிகிச்சை தேடுபவர்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள்.

எல்லை தாண்டுவதன் உச்சம் வாடகைத் தாய்மை. 1988-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், 10,000 டாலருக்கு எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. குழந்தையைப் பெற்றெடுத்த பெண், கொடுக்க மனம் வராமல் திரும்பக் கேட்ட வழக்கு அது. அதற்குப் பின் வணிகம் ஓயவில்லை, இடம் மாறியது. 2008-ல் இந்தியாவில் ஒரு வாடகைத் தாய்க்குப் பிறந்த பெண் குழந்தையை, அது பிறப்பதற்குள் விவாகரத்தாகிவிட்ட ஜப்பானியத் தம்பதியில் தந்தை மட்டும் ஏற்க விரும்பியும் சட்டச் சிக்கலால் முடியாமல், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முட்டை கொடுத்தவர், சுமந்தவர், ஏற்பாடு செய்த மனைவி என்று மூன்று பெண்கள் இருந்தும் தாயின் இடம் காலியாக இருந்தது. கடைசியில் பாட்டி வந்து தூக்கிக்கொண்டு போனார். இந்தியா வெளிநாட்டவருக்குக் கதவை மூடியபோது வணிகம் மற்ற நாடுகளைத் தேடியது. 2020-ல் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது, உக்ரைன் தலைநகர் கீவில் ஒரு விடுதியின் கூடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் தொட்டில்களில் வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

கம்போடியாவில் நடந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது. 2016-ல் அரசு வாடகைத் தாய்மையைத் தடை செய்தது. 2018-ல் காவல் துறை 32 கர்ப்பிணிப் பெண்களைப் பிடித்து, ஆள்கடத்தல் வழக்குப் போட்டது. பிறக்கும் குழந்தையைத் தாங்களே வளர்ப்பதாக உறுதி கொடுத்தால்தான் விடுதலை. கடனை அடைக்க வந்த பெண்கள், தங்கள் மரபணுவில் பிறக்காத குழந்தைகளை வளர்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அந்தப் பெண்களைக் காப்பாற்ற வந்த சட்டம் அவர்களைத்தான் தண்டித்தது.

மரபணுத் தேர்வு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பேச்சு உண்மையைவிட வேகமாக ஓடுகிறது. கருவை வைப்பதற்கு முன் ஒரு கொடிய நோய் இருக்கிறதா என்று பார்க்கும் முறை 1990-லேயே வந்துவிட்டது. ஒரு குழந்தையின் உயிரைக் காக்க, பொருந்தும் இன்னொரு குழந்தையைத் தேர்ந்து பெறுவதும் 2000-ல் நடந்தது; தம்பியின் தொப்புள்கொடி ரத்தம் அக்காவைக் காப்பாற்றியது. அவனைப் பெற்றோர் நேசித்தார்கள் என்றால் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. உயரம், அறிவு என்று மதிப்பெண் போட்டுக் கருவை விற்கக் கிளம்பியிருப்பவர்கள்தான் என்னை அச்சுறுத்துகிறார்கள். அந்த மதிப்பெண் ஒரு தனிக் குழந்தையைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். ஆனால் மதிப்பெண் பார்த்துப் பெற்ற பிள்ளை பத்தாம் வயதில் அந்த மதிப்பெண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹெ ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றைத் தடுப்பதற்கு என்று இரட்டைப் பெண் குழந்தைகளின் மரபணுவைக் கரு நிலையிலேயே திருத்தியதாக அறிவித்தார். அவருக்கு மூன்றாண்டு சிறை கிடைத்தது. பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தில் அந்தத் திட்டம் எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் முயற்சி என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன் பான்கோஸ்ட் மயக்க மருந்து கொடுத்தார். இங்கே அந்த வேலையைப் படிவத்தின் மொழியே செய்தது.

குழந்தையின் பக்கம் நின்று பேசும்போதெல்லாம் ஒரு வலுவான எதிர்வாதம் வரும். மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் அதைக் கூர்மையாக முன்வைத்தவர். இந்தச் சிகிச்சை, இந்தத் தானம், இந்த ஒப்பந்தம் இல்லையென்றால் இந்தக் குழந்தை பிறந்தே இருக்காது. பிறவாமல் இருப்பதைவிடப் பிறந்து வாழ்வது மேல் என்றால், அதற்கு என்ன தீங்கு செய்துவிட்டோம்? தர்க்கமாக இதை உடைப்பது கடினம். நான் பல நாள் இதோடு போராடியிருக்கிறேன். ஆனால் எந்தக் குடும்பத்திலும், பெற்றோர் பிள்ளையிடம் 'உன்னைப் பெற்றதே போதும், இனிக் கேள்வி கேட்காதே' என்று சொன்னால் நாம் அதை ஏற்பதில்லை. உயிர் கொடுத்தது கடமையின் தொடக்கம். தானத்தில் பிறந்த பலர் சொல்வதும் இதைத்தான்: தாங்கள் பிறந்ததற்கு மகிழ்கிறார்கள், வளர்த்தவர்களை நேசிக்கிறார்கள், அதோடு சேர்த்து உண்மையையும் கேட்கிறார்கள். சிறு வயதிலேயே சொல்லி வளர்த்த குடும்பங்களில் பிள்ளைகள் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முப்பது வயதில், ஒரு டி.என்.ஏ. அறிக்கையில் தெரிய வந்தவர்களுக்குத்தான் காலடி மண் நழுவுகிறது.

பிரிட்டனில் 2005-ன் புதிய விதியின் கீழ் பிறந்த பிள்ளைகள் 2023-ன் இறுதியிலிருந்து 18 வயதை எட்டி வருகிறார்கள். ஒழுங்காற்று ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினால், தானம் செய்தவரின் பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த முகவரி ஆகியவை கிடைக்கும். தானம் செய்பவர்கள் அங்கே நிரப்பும் படிவத்தில் உயரம், கண்ணின் நிறம், குடும்ப நோய்கள் என்று கட்டங்கள் வரும். தன்னைப் பற்றிச் சில வரி எழுத ஓர் இடம் இருக்கும். அதோடு, பிறக்கக் கூடிய குழந்தைக்கு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுங்கள் என்று ஓர் இடமும் விட்டிருக்கிறார்கள்.